எளிய பொருளும் அரிய கற்பனையும்

கண்ணாற் காணாத ஒன்றைக் கருத்தாற் காண விழைவது மக்கள் இயல்பு. விண்மீனை நோக்கியவன் அங்கும் ஓர் ஊர் உண்டோ என்று வினவினான். மண்ணுள் புதைந்த எலும்பைக் கண்டவன் அதற்குத் தசையும் தோலும் கொடுத்து, அஃது உயிரோடு உலாவிய காலத்தை எண்ணிப் பார்த்தான். இவ்வேட்கையும் விஞ்ஞான அறிவும் கலந்து பிறந்தவையே விஞ்ஞானக் கற்பனைக் கதைகளும், அவற்றின் வழித் தோன்றிய திரைப்படங்களும் ஆம். அப்படங்களுள் பெரும்பொருள் செலவிட்டு எடுத்தவை சில. கையிலிருந்த சிறுபொருளைக் கொண்டு சின்னாட்களில் எடுத்து முடித்தவை பல. பின்னே கூறியவற்றின் குறைகளைச் சிறு பிள்ளையும் எண்ணிக் காட்டும். ஆயினும், அறுபது எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னும் அவற்றை விரும்பிக் காண்போர் உலகெங்கும் உளர். குற்றம் வெளிப்படையாய் இருக்கவும் அன்பு குன்றாதிருப்பதற்குக் காரணம் யாது? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குச் சான்று தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. சேர்வராயன் மலையடிவாரத்திலேயே தக்க சான்று ஒன்று உளது.

மலையடிவாரத்துக் கலைக்கூடம்

சேலம் நகரினின்று ஏற்காட்டுக்குச் செல்லும் பாதை 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து காப்பித் தோட்டங்கள் சூழ்ந்த மலைமுகட்டை அடைகின்றது. மலையேற்றம் தொடங்குமுன்னரே, சமநிலத்தில், அப்பாதையின் ஓரத்தில் பழைய தோரண வாயில் ஒன்று நிற்கக் காணலாம். அதுவே மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படக்கம்பெனியின் வாயில். இதனை 1935-ஆம் ஆண்டில் நிறுவியவர் டி. ஆர். சுந்தரம் அவர்கள். இவர் இங்கிலாந்து தேசத்து லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்றவர். பட்டணத்தை நாடாது, சேலத்திலேயே படப்பிடிப்பு மேடை, ஒலிப்பதிவுக் கூடம் முதலியவற்றை ஒருங்கே அமைத்து, நடிகரையும் எழுத்தாளரையும் மாதச் சம்பளத்தில் வைத்து, ஆலையை நடத்துவது போன்ற ஒழுங்குடன் படத்தொழிலை நடத்தினார். 1937-இல் வெளிவந்த சதி அகல்யா இக்கம்பெனியின் முதற்படம். மலையாள மொழியின் முதற் பேசும்படமான பாலன் 1938-இல் இவர்தம் தயாரிப்பாய் வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய அலிபாபாவும் 40 திருடர்களும் 1956-இல் இவண் பிறந்தது. இங்ஙனம் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் அம்மலையடிவாரத்திலிருந்து வெளிப்போந்தன.

அவற்றின் வரிசையில் விந்தையான ஒன்று, 1952-இல் அமெரிக்கருடன் கூடி எடுக்கப்பட்ட தி ஜங்கிள் என்னும் படம். தமிழில் அது காடு எனப் பெயர் பெற்றது. இயக்கியவர் வில்லியம் பெர்க். அமெரிக்காவில் வெளியிட்டவர் லிப்பெர்ட் கம்பெனியார். ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்ஸர் என்னும் அமெரிக்க நடிகருடன் நம் எம். என். நம்பியார், சுலோசனா முதலியோரும் அதில் நடித்தனர். கதை எளியது. யானைக் கூட்டம் வெருண்டோடி ஊர்களை மிதித்து அழிக்கின்றது. யானையும் அஞ்சி ஓடுமாயின், அதனினும் பெரிய யாதோ ஒன்று காட்டினுள் இருத்தல் வேண்டும். அதனைக் காணச் செல்லும் கூட்டத்தார், முடிவில், உலகினின்று மறைந்தொழிந்ததாகக் கருதப்பட்ட மாமத் என்னும் சடை யானைகளைக் காண்கின்றனர்.

இனி, அச்சடை யானைகளைத் திரையில் தோற்றுவித்தது எங்ஙனம்? நுண்ணிய பொறிகளுக்கோ பொம்மை உருக்களை அணுவணுவாய் அசைத்துப் படம் பிடிப்பதற்கோ பணமும் இல்லை, காலமும் இல்லை. எனவே, உள்ளூர் யானைகளையே கொணர்ந்து, அவற்றின்மீது நீண்ட மயிர்ப் போர்வையைப் போர்த்தி, வளைந்த பெருந்தந்தங்களைப் பொருத்தி நடக்கவிட்டனர். போர்வை அசைவது தெரிகின்றது. உள்ளிருப்பது நாம் கோயில் வாயிலில் கண்டு பழகிய யானையே என்பதும் தெரிகின்றது. நகைப்பு வருகின்றது, உடனே ஓர் அன்பும் வருகின்றது.

ஈண்டு ஒரு வியப்பைக் கூறாதிருத்தல் இயலாது. உண்மைச் சடை யானை பனி மூடிய வடபுலங்களில் வாழ்ந்தது. வெப்பநாட்டுக் காட்டில் அதனை வைத்தது விஞ்ஞானத்துக்கு ஒவ்வாது. அவ்வினத்தின் கடைசிக் கூட்டம் வடகடலில் உள்ள ராங்கெல் தீவில் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்னர் மறைந்தது. ஆயினும், 2006-இல் மரபணு ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு யாதெனின், சடை யானைக்கு ஆப்பிரிக்க யானையை விட ஆசிய யானையே நெருங்கிய சுற்றம் என்பது. ஆகவே, பணமின்மையாற் செய்த சூழ்ச்சி, இன்றுள்ள உயிர்களுள் அவ்வேடத்துக்கு மிகப் பொருத்தமான உயிரையே அறியாது தேர்ந்தெடுத்துவிட்டது!

காண்போன் கொள்ளும் பங்கு

இத்தகைய படங்களின் அழகுக்கு முதற்காரணம், அவை காண்போனையும் ஆக்குவோனாகச் செய்வதே ஆம். சேலத்துச் சிற்றூர்களில் நிகழும் தெருக்கூத்தை எண்ணுக. இருவர் பிடித்த திரையே அரண்மனை வாயில். ஒரு மரப்பலகையே அரியணை. கட்டைக் கிரீடத்தில் பதித்த கண்ணாடிச் சில்லுகளே நவரத்தினங்கள். விடிய விடிய விழித்திருக்கும் உழவர் எவரும், பலகையை அரியணை என்கின்றனரே என்று வழக்காடுவதில்லை. குறைந்ததைத் தம் உள்ளத்தால் நிரப்பிக்கொள்கின்றனர். உலகியல் வழக்கு ஒன்று, நாடக வழக்கு ஒன்று எனத் தொல்காப்பியர் பகுத்துரைத்த தமிழ் மரபில் வந்தோர்க்கு இது புதுமையன்று. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்னும் இடத்தில் இரவில் நின்று கீழே நோக்குவோர்க்குச் சேலத்துத் தெருவிளக்குகள் விண்மீன் கூட்டமாய்த் தோன்றும். விளக்கு விளக்கே, அதனை விண்மீனாக்குவது காண்பவர் உள்ளம். யாவற்றையும் குறைவறக் காட்டிவிடும் பெரும்படம் அவ்வுள்ளத்துக்கு வேலை வைப்பதில்லை. எளிய படமோ, பாதி வழி தான் வந்து, மீதியை நம்மை நடக்கச் சொல்கின்றது. நாம் நடந்த வழி நமக்கு மறப்பதில்லை.

வினாவின் பெருமை

இரண்டாவது காரணம், காட்சியால் மயக்க இயலாதவன் கருத்தை நாட வேண்டியவனாகிறான் என்பது. தி ஜங்கிளை வெளியிட்ட அதே லிப்பெர்ட் கம்பெனியார், 1950-இல் ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம் என்னும் படத்தை வெளியிட்டனர். பிறர் பெருஞ்செலவில் எடுத்துவந்த சந்திர மண்டல யாத்திரைப் படத்துக்கு முந்திக்கொள்ளும் பொருட்டு, அஃது 18 நாட்களில் படம் பிடிக்கப்பட்டது. வண்ணப்படம் எடுக்க வசதியில்லாமையால், செவ்வாய்க் கிரகத்துக் காட்சிகளுக்கு மட்டும் செந்நிறம் ஏற்றினர். அக்கிரகமாய் நடித்தது அமெரிக்கப் பாலை நிலமே. ஆனால் அங்கே சென்றிறங்கிய மாந்தர் காண்பது யாது? அணுகுண்டுப் போரால் தன்னைத் தானே அழித்துக்கொண்ட நாகரிகம் ஒன்றின் எச்சத்தை. ஹிரோஷிமா எரிந்து ஐந்தாண்டுகளே கழிந்திருந்த காலத்தில், பொருட்செல்வம் மிக்கோர் கேளாத வினாவைப் பொருளற்ற படம் கேட்டுவிட்டது.

நம் தமிழகத்திலும் இதற்கு ஒத்ததைக் காண்கின்றோம். வேற்றுலகத்தாரைத் திரையில் காட்டிய முதல் தமிழ்ப்படம் எனக் கருதப்படுவது, ஏ. காசிலிங்கம் இயக்கத்தில் 1963-இல் வெளிவந்த கலை அரசி. எம். ஜி. இராமச்சந்திரனும் பி. பானுமதியும் அதன் தலைமக்கள். மேனாட்டுப் படங்களில் வேற்றுலகத்தார் பெரும்பாலும் பூமியை வெல்லவும் எரிக்கவும் வந்தனர். கலை அரசியில் வருவோருக்கோ விஞ்ஞானம் நிரம்ப உண்டு, இசை இல்லை. தம் உலகத்தார்க்கு இசை பயிற்றுவிக்க ஒருத்தியைக் கவர்ந்து செல்லவே அவர்கள் வருகின்றனர். காட்டில் சடை யானைக் கதையில் நடித்த அதே நம்பியாரே இங்கு விண்ணுலகினின்று வந்திறங்குகின்றார். கருவிகள் அட்டையாலும் தகரத்தாலும் ஆனவை போலத் தோன்றலாம். எனினும், எல்லாம் உடைய உலகம் எதனை இல்லாதிருக்கும் என்னும் வினாவும், அதற்குத் தமிழன் கூறிய விடையும் இன்றும் பழுதுபடவில்லை.

மூன்றாவது காரணம், ஆக்கியோன் கை தெரிவது. பிரெஞ்சுக்காரரான மெலியே 1902-இல் எடுத்த சந்திர யாத்திரைப் படத்தில் சந்திரன் முகத்தில் ராக்கெட் தைக்கின்றது. அட்டையும் சாயமும் என்று யாவரும் அறிவர். 1953-இல் நான்கே நாட்களில் எடுத்த ரோபோ மான்ஸ்டர் என்னும் அமெரிக்கப் படத்தில், இயந்திர உடை செய்யப் பணமில்லாமையால், மனிதக்குரங்கு உடை அணிந்த நடிகர் தலையில் மூழ்குவோர் கவசத்தை மாட்டி வேற்றுலகத்தான் என்றனர்! குயவன் விரற்சுவடு பதிந்த மட்கலத்தைப் போல, இவற்றில் மனிதன் முயன்ற சுவடு மறையாது நிற்கின்றது.

குறையே குணம் ஆகுமோ?

நிற்க. இங்ஙனம் கூறுவதால் குறையே குணம் என்று எவரும் கொள்ளற்க. பணமின்மை வேறு, கவலையின்மை வேறு. சிறுபொருளில் எடுத்தவற்றுள் முயற்சியே இல்லாத வெறும் படங்கள் மிகப் பல. அவை மறக்கப்பட்டது தகும். தி ஜங்கிளிலும் உண்மையான குறை போர்வையில் இல்லை. கதைமாந்தர் நெடுநேரம் காட்டில் நடந்துகொண்டே இருப்பது ஒரு குறை. அதனினும் பெரியது, நம் நாட்டு இளவரசியாகவும் வீரனாகவும் அமெரிக்கரே நடிக்க, நம் நடிகர் பின்னே நிற்க, நம் காட்டில் உள்ளதை நமக்கே ஓர் அமெரிக்க வேட்டைக்காரன் விளக்கிக் காட்டுவது. மயிர்ப் போர்வையைக் கண்டு நகைக்கும் நாம் இதனைக் கண்டு நகையாது விடுவோமாயின், குறை காணும் கலையைக் கற்றவராகோம். எள்ளி நகையாடுதல் எளிது. எது வறுமையின் குறை, எது பார்வையின் குறை எனப் பகுத்தறிதலே கல்வி.

எளிய பொருளால் அரியதை முயலுதல் திரைக்கு மட்டும் உரியதன்று. கலை அரசி வெளிவந்த அதே 1963-இல், நவம்பர் 21-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் இந்திய மண்ணினின்று முதல் ஆராய்ச்சி ராக்கெட் ஏவப்பட்டது. அங்கே புனித மகதலேன் மரியாள் தேவாலயமே அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் உறுப்புகள் சைக்கிளில் வைத்துக் கொண்டுசெல்லப்பட்டன. அன்று அச்சைக்கிளைக் கண்டு நகைத்திருப்பின், நகைத்தவரே பின்னர் நாணியிருப்பர்.

எஞ்சியதைக் காத்தல்

இவ்வளவும் கூறியதன் பயன் யாது? எளியது என்று இகழ்ந்த பொருளை எவரும் காப்பதில்லை. 1950-ஐ ஒட்டிய காலம் வரை வழங்கிய படச்சுருள் எளிதில் தீப்பற்றுவது. வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைவது. சேலத்தில் உருவான பாலன் ஒரு மொழியின் முதற் பேசும்படமாய் இருந்தும், இன்று அதன் பிரதி ஒன்றேனும் இல்லை. தேசியத் திரைப்படக் காப்பகம் பூனாவில் 1964-இல்தான் நிறுவப்பட்டது. அதற்குள் இழந்தவை இழந்தவையே. சுந்தரம் அவர்கள் 1963-இல் காலமானார். அவர் எழுப்பிய மேடைகளும் கூடங்களும் இன்று இல்லை. தோரண வாயில் மட்டும் நிற்கின்றது.

ஆதலின், மாணவ நண்பர்களே, ஏற்காட்டுக்குச் செல்லும்போது அவ்வாயிலின் முன் சற்றே நின்று செல்லுங்கள். உங்கள் இல்லத்துப் பெட்டியில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகமோ விளம்பரத் தாளோ கிடப்பின், அதனைப் பழந்தாளோடு எறியாதீர்கள், நூலகத்துக்குக் கொடுங்கள். மாடர்ன் தியேட்டர்ஸில் தச்சராய், தையற்காரராய், விளக்குப் பிடித்தவராய் வேலை செய்த முதியோர் உங்கள் சுற்றத்தில் எவரேனும் இருப்பின், அவர் கூறுவதைக் கேட்டு எழுதி வையுங்கள். யானைக்கு மயிர்ப் போர்வை தைத்த கைகளின் பெயரை எந்தப் படமும் திரையில் காட்டுவதில்லை. அக்கைகளை நினைப்பதே இப்படங்களைக் காணும் நாம் செலுத்தத்தக்க சிறு கடன்.