கையைக் கோக்காதீங்க ஐயா

சம்மணமிட்டு உட்கார்ந்து வாகை மரத்தில் உளி பிடித்து முப்பது வருஷம் ஆகிறது. தம்மம்பட்டியில் சிற்ப வேலை செய்கிறவர்களில் இடுப்பு வலி இல்லாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எனக்கு வலி இடது கால் வரை இறங்கியதும் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். ஆத்தூர் வழியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

ஸ்கேன் எடுக்குமிடத்தில் ஒரு படிவம் நீட்டினார்கள். படிக்காமலே எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். டெக்னீஷியன் பெண் என் கைக் காய்ப்பைப் பார்த்துவிட்டு, “என்ன வேலை பாக்கறீங்க ஐயா?” என்றாள். அப்போதுதான் ஞாபகம் வந்தது, உளியைச் சாணை பிடிக்கும்போது ஒருமுறை கண்ணில் இரும்புத் தூள் பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது. முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்து, துகள் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே உள்ளே விட்டார்கள். கண்ணுக்குள் துகள் தங்கியிருந்தால் காந்தம் அதை அசைத்துப் பார்வையையே பறித்துவிடுமாம்.

அரைஞாண் கயிற்றில் செப்புத் தகடு வைத்த தாயத்து. “செம்புல காந்தம் ஒட்டாதும்மா” என்று வாதாடினேன். ஒட்டாதுதான். ஆனால் ஸ்கேன் மிஷின் அனுப்பும் ரேடியோ அலையில் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். கழற்றினேன்.

படுத்ததும் பழக்கதோஷத்தில் விரல்களைக் கோத்து வயிற்றின் மேல் வைத்தேன். “கையைக் கோக்காதீங்க ஐயா, காலையும் பின்னிக்காதீங்க” என்று பிரித்து வைத்து, கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தாள். ஏதாவது என்றால் அமுக்க வேண்டும்.

கொட்டாப்புளியால் தகரத்தை அடிக்கிற மாதிரி சத்தம். நடுவில் ஒரு கட்டத்தில் விலாவில் படபடவென்று துடிப்பு, யாரோ சுண்டி இழுப்பது போல. கரண்ட் லீக் ஆகிறது என்றே நினைத்தேன். பந்தை அமுக்கிவிட்டேன். சத்தம் நின்றதும் துடிப்பும் நின்றது.

அவள் சிரிக்கவில்லை, அதற்கே நன்றி சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் கிரேடியன்ட் காயில்கள் காந்தப்புலத்தை நொடிக்குப் பல நூறு தடவை மாற்றுகின்றன. சைக்கிள் டைனமோவில் காந்தம் சுற்றினால் விளக்கு எரிகிறதே, அதே கதைதான். இங்கே கம்பிக்குப் பதில் நம் உடம்பு. அந்தச் சிறு மின்னோட்டம் நரம்பைத் தூண்ட, தசை துடிக்கிறது. கையைக் கோத்தால் மின்சாரம் சுற்றி வர வளையம் கிடைத்துவிடுகிறது. சராசரி ஆள் துடிப்பை உணரத் தொடங்கும் அளவில் 80 சதவீதத்தைச் சாதாரண ஸ்கேன் தாண்டக் கூடாது என்று சர்வதேச விதி இருக்கிறது. ஆனால் சராசரியை விடச் சீக்கிரம் உணருகிறவர்களும் உண்டு. நான் அந்த ரகம்.

நான் கற்றுக்கொண்ட முக்கியமான வித்தியாசம் இது. துடிப்பு சத்தத்தோடு வந்து சத்தத்தோடு போகும். ஆபத்தில்லை, வலித்தால் மட்டும் சொல்லுங்கள். ஓரிடத்தில் மட்டும் சுடுகிறதா? உடனே பந்தை அமுக்குங்கள். அது ரேடியோ அலையின் வேலை, பொறுத்துக்கொண்டால் கொப்புளம்தான். “ஸ்கேன் வீணாயிடுமே” என்று பல்லைக் கடிப்பவர்கள் நம்மில் அதிகம்.

கூடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், உறவினருக்குத் துணையாகப் போன 32 வயது இளைஞர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அறைக்குள் நுழைந்தார். காந்தம் சிலிண்டரோடு சேர்த்து அவரையும் இழுத்துக்கொண்டது, உயிர் பிழைக்கவில்லை. ஸ்கேன் ஓடாதபோதும் அந்தக் காந்தம் அணைவதில்லை. நான் படுத்தது 1.5 டெஸ்லா மிஷின். பூமியின் காந்தப்புலத்தைப் போலச் சுமார் 30 ஆயிரம் மடங்கு.

உளி, சாணை, வெல்டிங் வேலைக்காரர்களே, படிவத்தை நிதானமாகப் படியுங்கள். கண்ணில் தூள் பட்டது இருபது வருஷத்துக்கு முன்னால் என்றாலும் மறக்காமல் எழுதுங்கள்.