ஓய்வையும் அட்டவணையில் எழுதுங்கள்

ஜிம்மில் சேர்ந்த வேகத்தில் பலர் வாரம் ஆறு நாளும் உடலை வருத்துவார்கள். ஒரு மாதத்துக்குள் மூட்டுவலியும் சோர்வும் வந்து, ஜிம் பக்கமே போகமாட்டார்கள். எடை தூக்கும்போது தசை களைத்துப்போகிறது. அடுத்த ஒன்றிரண்டு நாட்களில், போதிய உணவும் தூக்கமும் கிடைத்தால்தான் அது சீராகி வலுப்பெறுகிறது. எனவே பயிற்சியைப் போலவே ஓய்வையும் திட்டமிட வேண்டும்.

1. கடுமையை அளந்து பாருங்கள்

பயிற்சியின்போது பேசிப் பாருங்கள். பாட்டே பாட முடிந்தால் அது இலேசான பயிற்சி. பேச வருகிறது, பாட வரவில்லை என்றால் மிதமானது. நாலு வார்த்தைக்குள் மூச்சு வாங்கினால் கடுமையானது. எடைப் பயிற்சியில், இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்ற நிலையிலேயே செட்டை முடித்துவிடுங்கள்.

2. வாரத்தைப் பிரியுங்கள்

கடுமையான நாட்கள் அடுத்தடுத்து வரக்கூடாது. ஒரே தசைக்கு மீண்டும் வேலை கொடுக்க 48 மணி நேரமாவது விடுங்கள். ஒரு மாதிரி அட்டவணை:

திங்கள், வியாழன்: எடைப் பயிற்சி
செவ்வாய், புதன், வெள்ளி: 40 நிமிட விறுவிறு நடை
சனி: 30 நிமிட ஓட்டம்
ஞாயிறு: முழு ஓய்வு

வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கடுமையான ஒரு நிமிடம் மிதமான இரண்டு நிமிடத்துக்குச் சமம் என்பதால், இந்த அட்டவணையில் 180 நிமிடம் தேறிவிடும்.

3. காலையில் நாடி பாருங்கள்

எழுந்ததும், காபிக்கு முன், ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துவாருங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்புபோல் கூடி, உடம்பும் அசதியாக இருந்தால் அன்று நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ச்சல் இருந்தால் அதுவும் வேண்டாம்.

4. வலியைப் பிரித்தறியுங்கள்

புதுப் பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தசை வலி உச்சத்தில் இருப்பது இயல்பு. மெதுவான நடை இதமளிக்கும். மூட்டில் குத்தும் வலி, வீக்கம் என்றால் நிறுத்துங்கள். தாங்க முடியாத தசை வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

5. தூக்கமும் புரதமும்

ஏழு மணி நேரத் தூக்கத்தில் கைவைக்காதீர்கள். மூன்று இட்லியும் சட்னியும் தசைக்குப் போதாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. சுண்டல், மீன், தயிர், பருப்பு என ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும்.

6. மெதுவாகக் கூட்டுங்கள்

எடை, நேரம், நாட்கள் மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை, செட்களைப் பாதியாகக் குறைத்து ஒரு வாரம் இலகுவாகச் செய்யுங்கள்.

இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். ஒரு நாள் தவறிவிட்டதே என்று மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள்; அட்டவணையில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்யுங்கள்.