வாயிற்காவல்

மும்பை ஆண்டாப் ஹில்லுக்கு அண்மையில், பரேலில் ஹாஃப்கின் நிறுவனம் அமைந்துள்ளது. 1897ஆம் ஆண்டு இந்நகரைப் பிளேக் நோய் வாட்டியபோது, வால்டெமர் ஹாஃப்கின் தாம் உருவாக்கிய தடுப்பூசியை முதலில் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். தடுப்பு மருந்து என்றதும் இன்றும் ஊசியே நினைவுக்கு வருகிறது. ஆனால், நோய்க்கிருமிகள் பலவும் உடலுள் நுழையும் வாயில் மூக்கு அன்றோ?

கக்குவான் இருமலை உண்டாக்கும் பாக்டீரியா, மூச்சுக்காற்றின் வழியே வந்து மூச்சுப்பாதையின் உட்சவ்வில் ஒட்டிப் பெருகும். இதுவே குடியேற்றம் எனப்படும். ஊசிவழி மருந்து குருதியில் எதிர்ப்பொருள்களை உருவாக்கி நோயின் கடுமையைத் தடுக்கும். குடியேற்றத்தை முற்றிலும் தடுப்பதில்லை. 2014ஆம் ஆண்டு வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், கக்குவான் தடுப்பூசி வகை ஒன்றைப் பெற்ற பபூன் குரங்குகள் நோயுறவில்லை. எனினும் கிருமி அவற்றின் மூச்சுப்பாதையில் தங்கிப் பிற குரங்குகளுக்கும் பரவியது.

இந்தியாவில் கக்குவானுக்கான முதல் தடுப்பூசி குழந்தைக்கு ஆறாம் வாரத்தில் இடப்படுகிறது. அதற்கு முன், நலமாகத் தோன்றும் அண்ணனோ அத்தையோ அறியாமலே கிருமியைத் தொட்டில்வரை கொண்டுசேர்க்கக்கூடும். ஓரறையில் பலர் வாழும் வீடுகளில் இவ்வாபத்து மிகுதி.

மூக்குவழி மருந்து வாயிலிலேயே காவலை நிறுத்துகிறது. சளிச்சவ்வின் அடியிலுள்ள நோய்த்தடுப்புச் செல்கள் கிருமியின் அடையாளத்தை அறிந்து, இம்யூனோகுளோபுலின் ஏ என்னும் எதிர்ப்பொருள் சுரக்க வழிசெய்கின்றன. அது சளியில் கலந்து, கிருமியைப் பற்றிச் சவ்வில் ஒட்டாமல் தடுக்கிறது. நினைவுச் செல்கள் சில அங்கேயே தங்கி, அக்கிருமி மீண்டும் வரின் விரைந்து எதிர்க்கின்றன.

பிரான்சின் லில் நகரப் பாஸ்டர் நிறுவனத்தில், வலுவிழக்கச் செய்த உயிருள்ள கக்குவான் கிருமியைக் கொண்டு இத்தகைய மருந்து உருவாக்கப்பட்டது. அது மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகிறது. இந்தியாவில் 2023 ஜனவரி 26 அன்று அறிமுகமான இன்கோவேக் மூக்குவழி மருந்து கொரோனா வைரசுக்கு உரியது, பாக்டீரியாவுக்கு உரியதன்று. எனவே, உரிய வாரத்தில் தடுப்பூசி இடுதலும், இருமுவோர் பச்சிளங்குழந்தையை விட்டு விலகியிருத்தலும் இன்றைய கடமைகளாம்.

சொற்பொருள்
குருதி – இரத்தம். அண்மை – அருகில். சவ்வு – மெல்லிய தோல்

பயிற்சி
1. குடியேற்றம் என்பது யாது?
2. நோயுறாதவரும் நோயைப் பரப்புவது எவ்வாறு?
3. பிரித்து எழுதுக: வாயிற்காவல், இவ்வாபத்து.
4. ‘மூக்கே முதல் வாயில்’ என்னும் தலைப்பில் ஐந்து தொடர்கள் எழுதுக.