வேண்டாப் பொருளும் வேண்டாத நோயும்

ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளின் பின்புறத்தைச் சற்று நோக்குவோம். துருவேறிய பால் டின், உடைந்த வாளி, தேய்ந்த டயர், கொட்டாங்கச்சி எனப் பல பொருள்கள் கிடக்கும். "என்றைக்காவது உதவும்" என்றெண்ணி ஒதுக்கி வைத்தவை அவை. உதவும் நாள் வருமுன்னே மழை வந்துவிடுகிறது. மழையைத் தொடர்ந்து ஏடிஸ் கொசுவும் வந்துவிடுகிறது.

அக்கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சல் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1902ஆம் ஆண்டிலேயே பினாங்கில் அது பதிவாயிற்று. குருதிக் கசிவை உண்டாக்கும் அதன் கொடிய வடிவம் 1962இல் அங்கேயே காணப்பட்டது. நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கென 1975இல் சட்டமும் இயற்றப்பட்டது. தம் இடத்தில் கொசுப் புழு வளர விடுவோர் அச்சட்டப்படி தண்டனைக்கு உள்ளாவர்.

ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்து தேங்கிய நீரையே நாடும். கலத்தின் உட்புறத்தில், நீர்மட்டத்திற்குச் சற்று மேலே முட்டையிடும். நீர் வற்றினாலும் முட்டை பல மாதங்கள் அழியாதிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். பின்னர் ஏறத்தாழ 7 முதல் 10 நாள்களில் கொசுவாகிப் பறக்கும். ஆதலின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வேண்டாத கலத்தையே அகற்றுதல் வேண்டும்.

வாரம் ஒருநாள் குடும்பத்தோடு பொருள்களை மூன்றாகப் பிரியுங்கள். நாள்தோறும் பயன்படுவதைத் தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள். எப்போதாவது பயன்படுவதைக் கூரையின்கீழ்க் கவிழ்த்து வையுங்கள். ஓராண்டாகத் தொடாததைக் குப்பை சேகரிக்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். அதனைக் காட்டோரம் வீசுவது கொசுவை இடம் மாற்றுவதேயன்றி ஒழிப்பதாகாது.

பால் மரங்களையும் மறத்தலாகாது. வெட்டு நிறுத்திய மரங்களில் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஸ் கொசு காலையிலும் மாலையிலும் மிகுதியாகக் கடிக்கும்; காலை நேரமோ நாம் நிரையில் நிற்கும் நேரமாகும்.

வீட்டில் எவருக்கேனும் திடீரெனக் கடுங்காய்ச்சலும் கண்ணின் பின்புறம் வலியும் கண்டால் உடனே மருந்தகம் செல்லுங்கள். காய்ச்சல் தணிந்தபின் வயிற்று வலியோ, ஓயாத வாந்தியோ, இரத்தக் கசிவோ தோன்றினால் அது பேராபத்தின் அறிகுறியாகும். ஒரு நொடியும் தாமதித்தல் கூடாது.

பயன்படும் பொருளைக் காப்பது சிக்கனம். பயனற்றதைச் சேர்ப்பது சிக்கனமன்று. பழைய டின் ஒன்று போனால் நட்டமில்லை. பிள்ளையின் உயிருக்கு ஈடு எதுவுமில்லை.