கொதிக்கும் இயந்திரம்: காரணம் அறிவோம்

மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஜொகூர் கடற்பாலம் 1924ஆம் ஆண்டில் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். ஆயினும், நெரிசல் மிகுந்த வேளைகளில் இச்சிறு தொலைவைக் கடக்கவும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியுள்ளது. அத்தகைய வரிசையில் பழைய மகிழுந்து ஒன்று பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி பறக்க நின்றுவிடுவதுண்டு. அதே மகிழுந்து வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் யோங் பெங்கிலிருந்து எந்தச் சிக்கலுமின்றி ஓடி வந்திருக்கலாம். விரைந்து ஓடும்போது சூடேறாத இயந்திரம், ஊர்ந்து செல்லும்போது மட்டும் ஏன் கொதிக்கிறது? இக்கேள்விக்கு விடை காண முயன்றால் பழுதைக் கண்டறியும் வழியும் புலப்படும்.

பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் ஆற்றலில் ஒரு பகுதி மட்டுமே சக்கரங்களைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாக மாறுகிறது. அவ்வெப்பத்தின் ஒரு பகுதி புகைபோக்கி வழியாக வெளியேறுகிறது; மற்றொரு பகுதியை இயந்திரத்தினுள் ஓடும் குளிர்விப்பு நீர் சுமந்து செல்கிறது. நீர் பம்பு அந்நீரை இரேடியேட்டருக்கு அனுப்புகிறது. அங்குள்ள மெல்லிய குழாய்களின் இடையே காற்று புகுந்து நீரைக் குளிரச் செய்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே வாயிற்காவலரைப் போல் இருப்பது தெர்மோஸ்டாட். நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 82 முதல் 88 பாகை செல்சியசை எட்டும்போது அது திறந்து வழிவிடுகிறது. நீர், காற்று, அவை செல்லும் பாதை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தடைப்பட்டாலும் இயந்திரம் கொதிக்கத் தொடங்கும்.

நாட்டின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமானது. அக்காலத்து மகிழுந்துகளைப் பேணிக் காத்து ஓட்டுவோர் இன்றும் உள்ளனர். தொடக்ககாலச் சாகாவின் இயந்திரத்தில் அடிப்பகுதி வார்ப்பிரும்பாலும் தலைப்பகுதி அலுமினியத்தாலும் ஆனவை. அளவுக்கு மீறிச் சூடேறினால் அலுமினியம் வளைந்துவிடும். இரண்டுக்கும் இடையிலுள்ள கேஸ்கெட்டும் சிதைந்துவிடும். சிறிய குழாயை மாற்றினால் தீர்ந்திருக்க வேண்டிய பழுது, இயந்திரத்தையே பிரித்துப் பார்க்கும் பெருஞ்செலவாக மாறிவிடும். ஆகவே, நீர் குறையும்போதெல்லாம் ஊற்றிச் சமாளிப்பது தீர்வாகாது.

பழுதைத் தேடுபவர் முதலில், இயந்திரம் எப்போது சூடேறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறியை ஐயுறலாம். வாகனம் விரைந்து செல்லும்போது எதிர்க்காற்றே இரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அவ்வேலையை மின்விசிறி செய்ய வேண்டும். விசிறியின் மோட்டார், பியூஸ், வெப்பமறிந்து அதனை முடுக்கும் சுவிட்சு ஆகியவற்றுள் ஒன்று பழுதானாலும் விசிறி சுழலாது.

மாறாக, நெடுஞ்சாலை வேகத்திலோ மேட்டுச் சாலையிலோ சூடேறினால் நீரோட்டம் போதவில்லை என்று கருதலாம். ஆண்டுக்கணக்கில் வெறும் குழாய்நீரையே ஊற்றி வந்தால் துருவும் கசடும் இரேடியேட்டரின் குழாய்களை அடைத்துவிடும். தேய்ந்த நீர் பம்பும் தளர்ந்த பெல்ட்டும் இதே விளைவைத் தரும்.

புறப்பட்ட சில நிமிடங்களிலேயே வெப்பமுள் உச்சிக்கு ஏறி, இரேடியேட்டர் மட்டும் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கக்கூடும். வெப்ப நாட்டில் இக்கருவி தேவையில்லை என எண்ணி அதனைக் கழற்றி எறிவோரும் உண்டு. அவ்வாறு செய்தால் இயந்திரம் உரிய வெப்பநிலையை அடைய நெடுநேரமாகும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் பெருகும். பழுதானதற்குப் பதில் புதியதைப் பொருத்துவதே முறை.

நீரின் அளவு அடிக்கடி குறைந்தால் கசிவைத் தேட வேண்டும். இரப்பர்க் குழாய்களின் முனைகள், பம்பின் அடிப்பகுதி, இரேடியேட்டரின் ஓரங்கள் ஆகிய இடங்களில் ஈரமோ காய்ந்த கறையோ தென்படலாம். எங்கும் கசிவு இல்லாமலே நீர் குறைகிறதா? புகைபோக்கியில் வெண்புகை தொடர்ந்து வருகிறதா? எண்ணெய் பால் கலந்ததுபோல் மாறியுள்ளதா? இவை கேஸ்கெட் சிதைந்ததற்கான அறிகுறிகளாகும். அந்நிலையில் வாகனத்தை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே நல்லது.

சாலையில் வெப்பமுள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் பதற்றம் கூடாது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது பழமொழி. குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, சாலையோரம் பாதுகாப்பாக ஒதுங்கி, இயந்திரத்தை அணைக்க வேண்டும். இரேடியேட்டர் மூடியை உடனே திறப்பது பேராபத்தாகும். மூடியின் அழுத்தத்தால் உள்ளே இருக்கும் நீர் 100 பாகையைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் நீங்கி, நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். இயந்திரம் முழுமையாக ஆறும்வரை, அரைமணி நேரத்திற்கும் மேலானாலும், பொறுத்திருக்க வேண்டும். சூடான இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிப்புறவும் கூடும்.

இத்தகைய இடர்களைத் தவிர்க்கப் பெருமுயற்சி தேவையில்லை. வாரம் ஒருமுறை காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, சேமிப்புக் கலத்தில் நீரின் அளவைப் பார்க்கலாம். தயாரிப்பாளர் குறிப்பிட்ட கால இடைவெளியில் குளிர்விப்பானை மாற்றலாம். இரப்பர்க் குழாய் விறைத்தோ உப்பியோ இருந்தால், அது வெடிக்கும் முன்னரே மாற்றிவிடலாம். நெடும்பயணத்திற்கு முன் இவற்றிற்குச் செலவிடும் ஐந்து நிமிடங்கள், மகிழுந்தின் ஆயுளையும் அதில் பயணம் செய்வோரின் நலனையும் ஒருசேரக் காக்கும்.