எட்டு மணி மாத்திரை

அன்புள்ள தம்பி கவினுக்கு,

வெள்ளவத்தை ரியூஷன் வகுப்பில் உன் பக்கத்து வாங்கில் இருக்கிற பையன், இரவு எட்டு மணிக்கு போன் அலாரம் அடித்ததும் எழும்பி வெளியே போய்விடுகிறான் என்று எழுதியிருந்தாய். ஐந்து வயதில் அவனுக்குப் பொருத்திய தாயின் சிறுநீரகம் எத்தனை காலத்துக்கு ஓடும் என்றும் கேட்டிருந்தாய்.

உயிரோடு இருப்பவர் தந்த சிறுநீரகம் பதினைந்து, இருபது ஆண்டு உழைப்பது இன்று அதிசயமில்லை. 1960 டிசம்பரில் பொஸ்டன் நகரில் ஜொஹானா என்ற 12 வயதுக் கனேடியச் சிறுமிக்கு அவளுடைய சகோதரி லானா கொடுத்த சிறுநீரகம், அரை நூற்றாண்டு தாண்டியும் வேலை செய்து கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. ஆனால் அவர்கள் உருவொத்த இரட்டையர். உடல் அதை அந்நியமாகப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை உன் நண்பனுக்குப் போட முடியாது.

இலங்கையில் பிள்ளைகளுக்கென்று சிறுநீரக மாற்றுச் சிகிச்சை 2004இல் பேராதனை போதனா வைத்தியசாலையில் ஆரம்பமானது. பெரியவர்களின் சிறுநீரகத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நீரிழிவும் இரத்த அழுத்தமும். சின்னஞ்சிறுசுகளில் பலருக்கு அது பிறவிக் கோளாறு: சிறுநீர் வழியில் அடைப்பு, அல்லது சரியாக வளராத சிறுநீரகம்.

பத்துக் கிலோப் பிள்ளையின் வயிற்றுக்குள் பதினொரு சென்ரிமீற்றர் நீளமான, பெரியவர் ஒருவரின் சிறுநீரகத்தை வைப்பதை நினைத்துப் பார். வழமையாக வைக்கும் இடுப்புப் பக்கத்தில் இடம் போதாது; வயிற்றுக்குள் வைத்து, உடலின் மிகப் பெரிய இரத்தக் குழாய்களில் தைப்பார்கள். பெரிய இதயத்துக்குப் பழகிய உறுப்புக்குக் குட்டி இதயம் ஈடுகொடுக்க, ஆரம்ப நாட்களில் நீர் நிறைய ஏற்றவேண்டும். தவறினால் இரத்தம் உறைந்து உறுப்பே போய்விடும். அதனால்தான் ஒரு காலத்தில் வைத்தியர்கள் சின்னப் பிள்ளைகளைத் தொடத் தயங்கினார்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். முதல் ஆண்டைத் தாண்டிவிட்டால், சிறுவயதில் உறுப்பைப் பெற்றவர்களிடம்தான் அது நன்றாக நிலைக்கிறது. ஆறு வயதுக்குள் பொருத்தினால் குன்றிய உயரத்தையும் ஓரளவு எட்டிப் பிடிக்கிறார்கள்.

கண்டம் உங்கள் வயதில்தான் தொடங்குகிறது. அமெரிக்கப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், உறுப்பு கைவிடும் வேகம் 17 முதல் 24 வயதுக்குள் உச்சம் தொடுவதைக் கண்டார்கள். அதுவரை அம்மா கையில் இருந்த மாத்திரை டப்பா பிள்ளையின் கைக்கு வருகிறது. சிறுவர் கிளினிக்கை விட்டுப் பெரியவர் கிளினிக்குக்குப் போகவேண்டும். ஸ்ரீரொயிட் மருந்து முகத்தை ஊதவைக்கிறது. கண்ணாடி முன்னால் நிற்கும் வயதில் அது சின்ன விஷயமா? உடல் அந்நிய உறுப்பைத் தாக்காமல் தடுக்கும் டக்ரோலிமஸ் மாத்திரையைப் பன்னிரண்டு மணிக்கொரு தடவை போடவேண்டும். நாலு வேளை விட்டாலும் வலிக்காது, காய்ச்சல் வராது. இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறியிருக்கும்போதுதான் தெரியும். அதற்குள் சேதம் நடந்திருக்கலாம்.

இன்னொன்று: அவனுக்கு ஜம்போலாப் பழம் வெட்டிக் கொடுக்காதே, அது இரத்தத்தில் மருந்தின் அளவைத் தாறுமாறாக்கக்கூடியது. அந்த மருந்து அவனுடைய எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால், உனக்குச் சளி, இருமல் என்றால் இரண்டு வாங்கு தள்ளி இரு.

இந்த உறுப்பு ஓய்ந்தால் டயாலிசிஸ் உண்டு, இரண்டாவது மாற்றும் உண்டு. ஆனால் அம்மாவிடம் கொடுப்பதற்கு இன்னொன்று இல்லை. ஆகவே இரவு எட்டு மணிக்கு அவனுடைய அலாரம் அடித்தால், எல்லார் முன்னாலும் ஏன் எதற்கு என்று கேளாமல் உன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவன் பக்கம் நீட்டு.

அன்புடன்,
மாமா
கொட்டாஞ்சேனை