முதல்வர் கதிரைக்கு ஆசைப்படும் மருமகனுக்கு

அன்பின் மருமகனுக்கு,

“இராசதுரை ஐயா மாதிரி மட்டக்களப்பு முதல்வராக வர என்ன செய்ய வேணும் மாமா?” என்று கேட்டிருக்கிறாய். ஆசை நல்லதுதான் மனே. ஆனால் ஆளையும் பிழையாக விளங்கியிருக்கிறாய், கதிரையையும் பிழையாக விளங்கியிருக்கிறாய்.

முதலில் ஆள். நம்முடைய ஊர் மாநகரசபையானது 1967இல். முதலாவது முதல்வர் செ. இராசதுரை. அப்போது அவர் அரசியலுக்குப் புதியவரல்ல. 1956இலேயே தமிழரசுக் கட்சியில் பாராளுமன்றம் போனவர், 1989 வரை அந்த ஆசனத்தை விடவில்லை. முதல்வராக இருந்தபோதும் எம்.பி.தான். ‘சொல்லின் செல்வர்’ என்று பேரெடுத்த வாய். 1977இல் காசி ஆனந்தன் வீட்டுச் சின்னத்தில் எதிர்த்து நின்றும், உதயசூரியனில் இவர் வென்றார். அந்தப் பேரும் செல்வாக்கும் முதல்வர் கதிரை கொடுத்ததல்ல. கதிரையைப் பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும் என்று நீ நினைக்கிறாய், அதுதான் முதல் பிழை.

“அவர் கட்சி மாறினாரே?” என்பாய். மாறினார். 1979இல் ஐக்கிய தேசியக் கட்சிக்குப் போய் அமைச்சரானார். அதற்கு முந்தின நவம்பரில்தான் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது. அரசாங்கத்துக்குள் இருந்தால்தான் ஊருக்கு ஏதும் செய்யலாம் என்பார்கள் ஒரு பக்கத்தார். துரோகம் என்பார்கள் மறுபக்கத்தார். அந்த வருடம் நீ பிறக்கவேயில்லை. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதே.

இனிக் கதிரை. சனம் உன்னை முதல்வராக்கப் புள்ளடி போடாது. வட்டாரத்துக்கும் கட்சிக்கும்தான் போடும். ஒரு கட்சிக்குப் பாதிக்குமேல் ஆசனம் இல்லாவிட்டால், முதல்வர் யார் என்பது சபைக்குள் நடக்கும் வாக்கெடுப்பில்தான் முடிவாகும். வந்தபிறகும் நிம்மதியில்லை. 2020 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் பாதீடு இரண்டாம் முறையும் தோற்று முதல்வர் ஆர்னோல்ட் பதவி இழந்தார். ஒரேயொரு வாக்கு வித்தியாசத்தில் அவருடைய இடத்துக்கு மணிவண்ணன் வந்தார். கூட்டத்தில் கைதட்டு வாங்குவதைவிட, எதிர்வரிசைக்காரரோடு தேநீர் குடிக்கப் பழகு.

“அதிகாரம் இருக்குமே” என்கிறாயா? மாரியில் வாவி நிரம்பினால், “முகத்துவாரத்தை வெட்டு” என்று உன் வாசலில் வந்துதான் சத்தம் போடுவார்கள். வெட்டுகிற முடிவோ கச்சேரியில் எடுப்பது. உன் பொறுப்பு வடிகான், தெருவிளக்கு, குப்பை. குப்பையைச் சின்ன விசயம் என்று நினைக்காதே. திருப்பெருந்துறையில் கொட்டக்கூடாது என்று சனம் தெருவுக்கு இறங்கியதை மறந்துவிட்டாயா? எந்த ஊர்க்காரரும் தன் ஊரில் மற்றவன் குப்பையை விடமாட்டார்.

இன்னொன்று. இந்தக் கதிரைக்கு இரத்தக் கறையும் உண்டு. யாழ்ப்பாண முதல்வர் துரையப்பாவை 1975இல் பொன்னாலைக் கோயிலடியில் சுட்டார்கள். இங்கே 2004இல் பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்பே வேட்பாளர் இராஜன் சத்தியமூர்த்தி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகள் சிவகீதா 2008இல் முதல்வரானார். 1994க்குப் பிறகு அப்போதுதான் இங்கே உள்ளூராட்சித் தேர்தலே நடந்தது. சும்மா கிடைக்கிற வாக்குச்சீட்டு என்று நீ நினைப்பதற்கு மற்றவர்கள் கொடுத்த விலை இது.

பயந்து ஒதுங்கு என்று சொல்லவில்லை. முதலில் உன் ஒழுங்கையில் அடைபட்ட வடிகானுக்கு ஒரு முறைப்பாடு எழுது. அது எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறதென்று பின்னாலேயே போய்ப் பார். அதில் சபையைப் பற்றிப் பாதி படித்துவிடுவாய்.

போவதற்கு முன்னால் சோலைவரியைக் கட்டு. போன வருடத்ததே நிலுவையாம், கொம்மா சொன்னா. கடன்காரனுக்கு நான் வாக்குக் கேட்டுத் திரியமாட்டேன்.

அன்புடன்,
மாமா